குளியல் தாளின் கடைசிக் கேள்வி

போன மாதம் செல்வி போன் செய்தாள். ஆங் மோ கியோ வட்டாரத்தில் நான் வேலை பார்த்த முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு இப்போது அவள்தான் மேற்பார்வையாளர். குளியலறைச் சுவரில் தொங்கும் தாள்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்றப் போகிறார்களாம். தாளில் இருக்கும் பதினொரு கேள்விகளில் பத்துக்குத் தகராறு இல்லை. பதினோராவதை வைத்துக்கொண்டுதான் கணினி ஆள் தலையைச் சொறிகிறாராம்.

"'எதைக் கழற்றக் கூடாது?'ன்னு கடைசியில ஒண்ணு இருக்கே, இது எதுக்கு, தூக்கிடலாமான்னு கேக்குறாருக்கா."

"நீ என்ன சொன்ன?"

"அதைத் தூக்கினா நானும் கிளம்பிடுவேன்னு சொன்னேன்."

"அப்புறம் என்ன லா? விஷயம் முடிஞ்சுது." இந்த 'லா' எங்கள் ஊர்ப் பேச்சின் வால்.

"இல்லக்கா, புதுசா வந்த பிள்ளைங்களும் கேக்குதுங்க. எனக்குக் கோவையா சொல்ல வரல. நீங்க எழுதிக் குடுங்க."

பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவேன். பேனாவைப் பிடித்தால் கை வலிக்கிறது என்று சாக்குச் சொல்லுவேன். ஆனால் அந்தக் கேள்வி என்னுடைய மண்டைக்கனத்தால் வந்தது. அதை வேறு யாரை எழுதச் சொல்வது?

என் பெயர் விஜயா. முப்பத்தொரு வருட வேலை. முதல் பாதி மருத்துவமனை வார்டு, மறுபாதி இந்த நிலையம். பயிற்சியில் கற்றதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆளைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே. மறதி நோய் வந்தவரிடம் வாதாடாதே. முதலாவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். இரண்டாவதுக்கு இருபது வருடம் பிடித்தது, என் வாய் அப்படி.

நிலையத்தில் எங்களுக்குத் தலைவி மேடம் லிம். ஒல்லியான சீனப் பெண்மணி. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. முதியவர்களிடம் பேச ஒரு குட்டிப் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு திரிவார். அதில் உட்கார்ந்தால் அவர் கண் அவர்களுடைய கண்ணுக்குக் கீழே இருக்கும். எங்களைப் பாராட்ட அவரிடம் இருந்தது ஒரே சொல்தான், "ஓகே". அதையும் மாதத்துக்கு ஒருமுறைதான் செலவழிப்பார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன்.

யாராவது ரகளை செய்தால் நாங்கள் ஒரு தாளில் எழுத வேண்டும். அதில் மூன்று கட்டங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னால் என்ன நடந்தது. நாங்கள் நடுக்கட்டத்தில் 'கத்தினார், அடித்தார், துப்பினார்' என்று கிறுக்கிவிட்டு ஓடுவோம். மேடம் நடுக்கட்டத்தைப் படிக்கவே மாட்டார். முதல் கட்டத்தில் பென்சிலை வைத்து, "இதுக்கு முன்னாடி?" என்பார். சொன்னால், "அதுக்கு முன்னாடி?" என்பார். காலைக் காப்பி வரைக்கும் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த்தான் விடுவார். எரிச்சலாக வரும் எனக்கு.

செல்வி வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் பூரணி அம்மா வந்தார். எழுபத்து நான்கு வயது. அல்சைமர் நோய் தொடங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு பூக்கடையில் முப்பது வருடம் பூத் தொடுத்தவர். மகன் பெயர் மறந்துவிட்டது, வீட்டு எண் மறந்துவிட்டது, விரல்கள் மட்டும் மறக்கவில்லை. கம்பளி நூலையும் டிஷ்யூ பேப்பரையும் கொடுத்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு முழம் தொடுத்து நீட்டுவார்.

தினமும் காலையில் கணவர் தங்கவேலு அழைத்துவருவார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மனைவிக்குத் தலை சீவி, மல்லிகைச் சரம் வைத்து, பொட்டும் இட்டுத்தான் கொண்டுவருவார். பின்னல் கோணலாக இருக்கும். பொட்டு சில நாள் புருவத்தில் போய் உட்கார்ந்திருக்கும். "அய்யா, பஸ்ஸ நேரா ஓட்டினீங்களா, இல்ல இப்படித்தானா?" என்று கேலி செய்வேன். "கண்ணாடி போட மறந்துட்டேன் சிஸ்டர்" என்று சிரிப்பார்.

அவருக்கு முழங்கால் வலி. வீட்டுக் குளியலறையில் அம்மா ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து அவரால் குளிப்பாட்ட முடியவில்லை. அதனால் செவ்வாயும் வெள்ளியும் நிலையத்தில் குளியல். முதல் மாதம் பிலிப்பீன்ஸ்காரி கிரேஸும் ஒரு சீன ஆன்ட்டியும் பார்த்துக்கொண்டார்கள். அம்மா முணுமுணுப்பார். "கையா இது, ஐஸ் கட்டி!" என்று திட்டுவார். அவர்களுக்கு ஒன்றும் புரியாது, சிரித்துக்கொண்டே குளிப்பாட்டிவிடுவார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நேராக மேடத்திடம் போனேன். தமிழ் அம்மாவுக்குத் தமிழ்க் கை வேண்டும், பேச்சுத் துணை வேண்டும், நானும் செல்வியும் எடுத்துக்கொள்கிறோம் என்றேன். செல்வி தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. என்னைக் கண்டால் பயம். மேடம் ஒரு நிமிடம் யோசித்து, "முயற்சி செய்யுங்க, எழுதி வைங்க" என்றார்.

எங்கள் குளியல் முறையைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். தோளில் துண்டு போர்த்த வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் உடம்பில் இருப்பவற்றை எடுத்துவிட வேண்டும். பூவை எடுக்க வேண்டும், இதழ் ஈரத்தரையில் விழுந்தால் வழுக்கும். பொட்டை எடுக்க வேண்டும், கரைந்து கண்ணில் போகும். வளையலைக் கழற்ற வேண்டும், வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, பட்டால் கிழியும். கழுத்துச் சங்கிலியைக் கழற்ற வேண்டும். எடுத்ததை ஜிப் பையில் போட்டு இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். முன்பு யாருடைய மோதிரமோ காணாமல்போய் ஊரே ரெண்டுபட்டது, அதிலிருந்து இரண்டு பேர் என்பது சட்டம். ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை. செல்வி பூவை எடுத்தாள். நான் நெற்றியைத் துடைத்தேன். "ஒண்ணுமில்லம்மா, கைய குடுங்க" என்று தேனாகப் பேசி வளையலைக் கழற்றினேன். தாலிச் சங்கிலியில் கை வைத்ததும் அம்மா என் மணிக்கட்டைக் கவ்விப் பிடித்தார். அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! "வேணாம்டி! அவரு இருக்காருடி! வீட்டுல இருக்காருடி!" என்று அலறினார். சாப்பாட்டு மேசை வரைக்கும் கேட்டது.

"ஆமாம்மா, இருக்காரு. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவாரு" என்று நான் பாட்டுப் பாடினேன். சங்கிலியை எடுத்தோம், தலைக்குத் தண்ணீர் விட்டோம். அலறல் நின்றது. அமைதியாகிவிட்டார் என்று நினைத்தேன். தாளின் நடுக்கட்டத்தில் 'கத்தினார், வீட்டுக்குப் போகக் கேட்டார்' என்று எழுதினேன்.

மாலையில் தங்கவேலு வந்தார். நகைகளை எல்லாம் திரும்பப் போட்டுத்தான் வைத்திருந்தோம். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"யாருங்க இந்த ஆளு? என்னை எங்க கூப்பிடுறாரு?"

"நான்தான் பூரணி" என்றார் தங்கவேலு.

"எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. நீங்க போங்க."

அரை மணி நேரம் கெஞ்சித்தான் அனுப்ப முடிந்தது. நோய் முற்றுகிறது என்று எல்லாரும் சொன்னோம். வெள்ளிக்கிழமை மறுபடியும் அதேதான், அடுத்த வாரமும் அதேதான். வீட்டில் தங்கவேலுவை அம்மா அறைக்குள் விடுவதில்லையாம். கரண்டியால் அடித்தாராம். வீட்டுக்குள் அந்நிய ஆம்பிளை புகுந்துவிட்டான் என்று நடைபாதையில் நின்று கத்த, பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் ஓடி வந்திருக்கிறது.

மூன்றாவது வாரம் மகன் வந்தார், கையில் முதியோர் இல்லத்தின் விண்ணப்பத்தோடு. கெட்ட பிள்ளை இல்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு, வேலை இடத்துக்குத் தினமும் அப்பாவிடமிருந்து போன். மேடம் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தால் போதும், இடம் கிடைத்துவிடும். "பத்து நாள் கொடுங்க" என்றார் மேடம்.

அன்று தங்கவேலு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"மறந்தா பரவால்ல சிஸ்டர். டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. ஆனா அவ என்னைப் பாத்துப் பயப்படுறா. நாப்பத்தெட்டு வருஷத்துல என்னைத் திட்டியிருக்கா, முறைச்சிருக்கா, மாசக்கணக்கா பேசாம இருந்திருக்கா. பயந்ததே இல்ல. இப்ப ஹோமுல விட்டா, நான் செத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டேதானே அங்க இருப்பா?"

 ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு மாதத் தாள்கள். ஒவ்வொரு வரியாக ஸ்கேலை வைத்து நகர்த்தினார்.

"கிரேஸ் குளிப்பாட்டின நாள், திட்டு. சாயங்காலம் புருஷனோட போயிட்டாங்க. நீ குளிப்பாட்டின நாள், அலறல். சாயங்காலம் புருஷன் செத்துட்டார். எல்லா முறையும்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "நான் என்ன மேடம் தப்பு செஞ்சேன்? அவங்க பாஷையில பேசுறேன். கிரேஸைவிட மெதுவாத்தான் தொடுறேன்!"

"தப்புன்னு நான் சொல்லல. முன்னாடி என்ன நடந்ததுன்னு கேக்குறேன்."

"ரூல்ல இருக்கறதத்தான் செஞ்சேன்!"

"ஓகே" என்றார். பாராட்டில்லாத ஓகே. "நாளைக்கு மாத்துத் துணி கொண்டு வா. நீ நாற்காலியில உக்காரு. அவங்களுக்குச் செய்யறதைச் செல்வி உனக்குச் செய்யட்டும்."

இதைவிட அவமானம் வேண்டுமா? மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தேன். மேடம் ஜிப் பையோடு சுவரோரம் நின்றார். செல்வி வந்து, நான் சொல்லிக்கொடுத்த அதே குரலில், "ஒண்ணுமில்லம்மா, கைய குடுங்க" என்றாள். என் இரண்டு வளையலையும் கழற்றினாள். சங்கிலியை எடுத்தாள். ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தாள். தலையில் தண்ணீர் விழுந்தது.

 எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவர் மாரடைப்பில் போனபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. பத்தாம் நாள், எங்கள் வீட்டுக் குளியலறையில், மாமியார் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் என்னை உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. "ஒண்ணுமில்லம்மா, கைய குடு" என்றுதான் சொன்னார்கள். பூவை எடுத்தார்கள், பொட்டைத் துடைத்தார்கள், வளையலைக் கழற்றினார்கள், தாலியை எடுத்தார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் காலையில் நான் தேக்காவுக்குப் போய்ப் புது வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு, பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். அதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வளையல் வாங்கியதில் தொடங்கித்தான் சொல்வேன். குளியலறையைச் சொன்னதே இல்லை.

மேடத்திடம் அன்றுதான் சொன்னேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அழுதுகொண்டே சொன்னேன். புரியாத பாஷை பேசும் கிரேஸ் கழற்றினால் அது ஆஸ்பத்திரி. தமிழ் பேசும் இரண்டு பெண்கள் அதே வரிசையில், அதே குரலில் கழற்றினால் அது வேறு. அம்மா 'அவரு இருக்காரு' என்று கெஞ்சியது வீட்டுக்குப் போக இல்லை, அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல.

மேடம் ஒரு துண்டை எடுத்து என் தோளில் போர்த்தினார். பிறகு, "அப்போ அஞ்சு மணிக்கு ஒருத்தர் வந்து நிக்கறப்போ, அவங்களுக்கு அவர் யாரு?" என்று கேட்டார்.

"யாரோ ஓர் ஆம்பிளை. புருஷன் செத்துட்டார்னு நாங்கதானே மேடம் அவங்களுக்குக் காட்டிட்டோம்."

செல்வி மூலையில் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். "எனக்கு ரெண்டாவது நாளே மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. எங்க அத்தைக்கு இப்படித்தான் செஞ்சாங்க. நீங்க சீனியர், உங்களுக்குத் தெரியாததா, நான் எப்படிச் சொல்றதுன்னு..."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நான் அதை மொழிபெயர்த்ததும் மேடம் செல்வியைப் பார்த்து, "இனிமே மனசுக்கு ஒரு மாதிரி இருந்தா அதையும் முதல் கட்டத்துல எழுது" என்றார்.

விதவைக்குச் செய்யும் அந்தச் சடங்கெல்லாம் அநியாயம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் எழுபத்து நான்கு வயதில், பாதி உலகம் அழிந்துபோன ஒருவரைத் திருத்துவது என் வேலையா? குளிப்பாட்டுவதுதான் என் வேலை. அதுவும் அவர் பயப்படாதபடி.

வழி மேடத்தின் கையிலேயே இருந்தது. சின்ன வயதில் அவருடைய அம்மா போட்டுவிட்ட பச்சைக்கல் வளையல், கழற்றவே வராது. அப்படிப்பட்ட வளையல் போட்ட சீன மூதாட்டிகள் எங்களிடம் பலர் உண்டு. அவர்களுக்கு மட்டும் வளையலுக்கு மேல் மெத்தென்று துணி சுற்றித்தான் குளிப்பாட்டுவோம். மேடம் தன் கையைத் தூக்கிக் காட்டினார். "இதுக்குச் சுத்துறோமே, அதுக்கும் சுத்தலாமே?"

மூன்று பேரும் உட்கார்ந்து புது வரிசை எழுதினோம். தாலிச் சங்கிலி கழுத்திலேயே இருக்கும். கையில் ஒரே ஒரு வளையல், அதன்மேல் துணி. பொட்டு துடைக்கப்படாது, குளியல் நாளில் மட்டும் ஸ்டிக்கர் பொட்டு, ஈரமானால் உடனே இன்னொன்று. பூவை அம்மாவே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார், ஈரம்படாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் பை. தண்ணீர் காலிலிருந்து தொடங்கும், தலைக்கு ஊற்றுவதில்லை, முடியைத் தனியாகத் துடைத்து எடுப்பது. குளிப்பாட்டுவது கிரேஸ். நான் திரைக்கு வெளியே நிற்பேன். எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தங்கவேலு உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேச வேண்டும்.

"என்னத்த சிஸ்டர் பேசுறது?"

"பஸ் ரூட்டைச் சொல்லுங்க. ஏதாவது பேசுங்க. உங்க குரல் அவங்க காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும்."

வெள்ளிக்கிழமை.  தங்கவேலு தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய ரூட்டைத் தொடங்கினார். ஆங் மோ கியோவில் எடுத்தார், தோ பாயோ வந்தார், சிராங்கூன் ரோட்டுக்குள் திருப்பினார். எந்த நிறுத்தத்தில் யார் சில்லறை இல்லாமல் ஏறுவார்கள் என்பதுவரை சொன்னார். உள்ளே தண்ணீர்ச் சத்தம். கிரேஸ் ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாள். அலறல் இல்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கை ஐஸ் கட்டி!" என்ற திட்டு கேட்டது. அப்பாடா, திட்டுகிறார்!

பிறகு அம்மாவின் குரல் கிரேஸிடம், தமிழில்: "வெளிய யாரு தெரியுமா? எங்க வீட்டுக்காரரு. இப்படித்தான், தொணதொணன்னு பேசிக்கிட்டே இருப்பாரு. நீ கண்டுக்காத."

தங்கவேலுவின் பஸ் தேக்காவிலேயே நின்றுவிட்டது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் தோளைத் தட்டி, "ஓட்டுங்க அய்யா, ஓட்டுங்க, நிறுத்தாதீங்க" என்றேன். என் கண்ணிலும் தண்ணீர், வாயில் சிரிப்பு. 

மாலையில் அம்மா பூவை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். கணவர் கை நீட்டியதும், "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கூடவே நடந்தார். மேடம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, என்னிடம் வந்து "ஓகே" என்றார். இது நிஜமான ஓகே.

மேடத்தின் அறிக்கையைப் படித்த மகன் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது நியாயம்தான். நோய் போய்விடவில்லை. சில நாள் அம்மா கணவரை அண்ணன் என்பார், சில நாள் பூக்கடை முதலாளி என்பார். ஆனால் பயப்படவில்லை. அந்த விண்ணப்பம் பையைவிட்டு வெளியே வரவேயில்லை. மேடம் குளியல் தாளின் அடியில் 'எதைக் கழற்றக் கூடாது?' என்ற பதினோராவது கேள்வியைத் தன் பென்சிலாலேயே எழுதிச் சேர்த்தார்.

இன்னொன்றும் நடந்தது. தங்கவேலுவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மாத்திரை என்றால் ஓடுவார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சட்டைப் பையில் ஒரு மாத்திரை டப்பா வந்தது. குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றித் தினமும் நடந்தார். தே தாரிக் டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். என்ன திடீர் ஞானம் என்று கேட்டேன்.

"நான் முன்னாடி போகக் கூடாது சிஸ்டர். போனா, அவளை நிஜமாவே உக்காரவச்சுச் செஞ்சிடுவாங்க. எங்க சொந்தக்காரங்களை எனக்குத் தெரியும்."

மூன்று வருடம் கழித்து, நிமோனியாவில், வீட்டிலேயே, தன் கட்டிலிலேயே பூரணி அம்மா போனார். நான் போயிருந்தேன். தலை நிறையப் பூ, நெற்றியில் பொட்டு, இரண்டு கையிலும் வளையல். சுமங்கலியாகப் போவது பெரிய பாக்கியம் என்று அங்கே சிலர் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அன்று வாயை மூடிக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்து தங்கவேலு நிலையத்துக்கு வந்தார், எல்லாருக்கும் இனிப்பும் முறுக்கும் வாங்கிக்கொண்டு. பழைய பெஞ்சில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். பாரம் இறக்கிய மூச்சு.

"சிஸ்டர், அவ பயந்தது நடக்கல."

"நடக்கல அய்யா. நீங்க நடக்க விடல."

 பிறகு குறும்பாக என்னைப் பார்த்து, "இனிமே மாத்திரைய மறந்தாக்கூட பரவால்ல, இல்ல?" என்றார்.

"மறந்துதான் பாருங்களேன், வீட்டுக்கே வந்து வாயில போடுவேன்!"

சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். அன்றைய கட்டம் காலியாக இருந்தது.

"போட்டாச்சு லா" என்றார். "பழகிப் போச்சு."